ரெண்டு கைப்பிடி

ஏர்வாடிக் கந்தூரிக்குப் பதினாலு டன் விறகு.
வியாழனுக்குள் வேணுமாம்.
போனை வைக்கும்போதே
செய்யது இபுராம்சா எழுந்து நின்றுவிட்டார்.
"பூமயிலு, மிஷினுக்கு எண்ணெய் இருக்கா?"

வாலிநோக்கம் விலக்கில் எங்கள் டிப்போ.
முன்னால் உப்பளம், பின்னால் முள்ளுக்காடு,
நடுவில் ஐந்து பேரும்
பச்சை பெயிண்ட் அடித்த ஒரு மிஷினும்.

சீமைக்கருவேலத்துக்கு நேர் என்ற சொல்லே தெரியாது.
முழங்கை மாதிரி மடங்கும்,
கோபித்துக்கொண்டு போன கொழுந்தன் மாதிரி
பாதி வழியில் திரும்பும்.
ஒரு முண்டுக்கு முப்பது வீச்சு
கோடாலி போட்டவள் நான்.
ராத்திரி கையைத் தூக்கிச் சடை பின்ன முடியாது,
மகள்தான் பின்னிவிடுவாள்.
கோடாலியைப் பற்றி யாராவது உருகிப் பேசினால்
என் தோள்பட்டையைக் கேளுங்கள் என்பேன்.

மிஷினை டிராக்டர் வாலில் மாட்டினால் உயிர் வரும்.
குழாய் ஒருமுறை குலுங்கும்.
ஆப்பு மெதுவாக வந்து மரத்தில் சாயும்.
ஒரு நொடி ஒன்றும் நடக்காது.
பிறகு மரம் தானே ஒரு முடிவுக்கு வந்ததுபோல்
பிளந்துகொள்ளும்.
உள்ளே பனங்கற்கண்டு நிறம்.

இடது கைக்கு ஒரு கைப்பிடி,
வலது கைக்கு ஒரு கைப்பிடி.
ரெண்டையும் அமுக்கினால்தான் ஆப்பு நகரும்,
ஒன்றை விட்டாலும் நின்றுவிடும்.
செய்தவன் யோசித்திருக்கிறான்:
ஆப்பு வரும் நேரம்
ஆளுடைய ரெண்டு கையும்
வேறெங்கேயாவது இருக்கட்டும் என்று.

சாத்தையா மூன்றாம் நாளே இதற்கு வழி கண்டான்.
வலை கட்டிப் பழகியவன்.
இடது கைப்பிடியை அமுக்கி
நைலான் நரம்பால் இறுக்கிவிட்டான்.
இனி ஒரு கை மரத்தைப் பிடிக்கும்,
ஒரு கை பிளக்கும்.
மணிக்கு அரை டன் கூடுதல்.
கூலி டன் கணக்கு.
அவனிடம் தப்பென்று எப்படிச் சொல்ல?
என் வீட்டுக்கும் திங்கள்தோறும் வட்டிக்காரர் வருகிறார்.

ஆனாலும் காலையில் முதல் ஆளாய்ப் போவேன்.
அவன் முடிச்சு நகத்துக்கு மசியாது,
பிளேடு கொண்டு அறுப்பேன்.
அவன் டீ குடித்துவிட்டு வந்து கட்டுவான்.
அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசியதில்லை.
மற்ற எல்லாம் பேசுவோம்.
அவன் மச்சான் போட்டு நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டது,
என் மகள் கணக்கில் வாங்கிய மார்க்கு,
முள் குத்தினால் எருக்கம்பாலா, சுண்ணாம்பா.
அறுத்த நரம்புகளை முடிந்து
வெள்ளாட்டுக்குட்டிக்குக் கயிறாக்கிவிட்டாள் மகள்.

செவ்வாய்க்கிழமை, பதினோராவது டன்.
கச்சான் காற்றில் கண்ணெல்லாம் உப்பு.
ஆப்பு தொட்டதும் ஒரு கட்டை உருண்டது.
பிடிக்க அவன் கை போனது.
கை அப்படித்தான் போகும்,
கையைக் குறை சொல்லி என்ன?

சத்தம் கேட்டுத் திரும்பினேன்.
ஆப்புக்கும் கட்டைக்கும் நடுவில்
இபுராம்சா வாங்கித் தந்த கையுறை,
காயப்போட்ட கருவாடு மாதிரி தட்டையாக,
ஐந்து விரலோடு.
அவன் கை வெளியே இருந்தது.
பெரிய சைஸ் என்று நான் கேலி செய்த கையுறை.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
பாக்கிச் சில்லறையை எண்ணுகிறவன் போல.
பிறகு முடிச்சை அவிழ்க்கப் போனான்.
விரல் நடுங்கியதில் அவன் போட்ட முடிச்சு
அவனுக்கே பிடிபடவில்லை.
பிளேடை நீட்டினேன்.

புதன் நள்ளிரவு லாரி கிளம்பியது.
"ஏன் இத்தனை நேரம்?" என்றார் இபுராம்சா.
"எண்ணெய் சூடாகுது பாய்" என்றேன்.
சாத்தையா தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை.
இடது கைப்பிடியில் மறுபடி நரம்பு,
இந்தத் தடவை நீலம்.
பிளேடைத் தேடியபடி குனிந்தேன்.

உருவு முடிச்சு.
ஒரு முனை வெளியே தொங்குகிறது,
இழுத்தால் போதும்.

அவன் இன்னும் டீக்கடையில்தான் இருந்தான்,
முதுகைக் காட்டிக்கொண்டு.