பன்னிரண்டாவது பணப்பை

இன்று யீஷூனில் காலையிலிருந்து
பதினொரு பணப்பைகள் கீழே கிடந்தன.
பதினொன்றும் வெற்றுத்தளத்தில்,
மின்தூக்கிக்கு அருகில்.
பதினொன்றையும் பிள்ளைகள் கண்டெடுத்து
ஒரு காசு குறையாமல்
உரியவரிடம் சேர்த்துவிட்டார்கள்.
உரியவர் ஒவ்வொருவரும் கண்ணீர் மல்க
'உன் நேர்மையைப் பாராட்டுகிறேன்' என்றாராம்.
இருவர் வாயில் 'மல்க' 'மழ்க' ஆனது.
குறித்துக்கொண்டேன்.

தொடக்கநிலை ஆறு, வாய்மொழித் தேர்வு, இரண்டாம் நாள்.
என் பள்ளி இல்லை இது.
குளிர்சாதனம் வெறிபிடித்து ஓடும் அறை.
எங்களுக்கு இரண்டு நாற்காலி, பிள்ளைக்கு ஒன்று.
கணினியில் காணொளி:
ஒருவர் எதையோ தவறவிடுவார்,
இன்னொருவர் பின்னாலேயே ஓடுவார்.
முடிந்ததும் நான் கேட்பேன்,
'இதுபோல் உனக்கு நடந்ததுண்டா?'

புருவம் உயரக்கூடாது.
'நல்லது' சொல்லக்கூடாது.
'ம்' கூட அளவாக.
அவர்கள் துணைப்பாட வகுப்பில் பணப்பையைப் பழகியதுபோல
நானும் இந்த முகத்தைப் பழகியிருக்கிறேன்.

பன்னிரண்டாவதாக வந்தவளின் சட்டையில்
பெயர் குத்தியிருந்தது. எண்ணை மட்டும் பார்த்தேன்.
முழங்காலில் ஒரு பிளாஸ்டர், ஓரம் கறுத்துச் சுருண்டது.
வாசிக்கும்போது 'ஒத்துழைப்பில்' தடுக்கி
மறுபடி முதலிலிருந்து ஏறினாள்.

'நடந்ததுண்டா?'

'நடந்துச்சு, டீச்சர்.
ஒரு பர்ஸ்.
லிஃப்ட் கிட்ட இல்ல. பஸ்ல.'

என் பேனா நின்றது.

'குடுத்துட்டேன். டிரைவர் அங்கிள்கிட்ட.
ஆனா...'

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு
சுவர்க்கடிகாரம் ஒன்பது முறை துடித்தது.
நீண்ட தயக்கத்துக்கு என்று
மதிப்பீட்டுத் தாளில் ஒரு வரி உண்டு.

'ஆனா அதுல அஞ்சு வெள்ளி எடுத்தேன்.
அம்மா ஷிஃப்ட் முடிஞ்சு வர பத்து மணி ஆகும்.
தம்பிக்கு சிக்கன் ரைஸ் வாங்கினேன்.
மிச்சம்...'

நான்கு துடிப்பு.

'மிச்சம் ஒரு வெள்ளி இருபது காசு.
இன்னும் செலவு பண்ணல.
பென்சில் பாக்ஸ்லதான் இருக்கு.'

பென்சில் பெட்டி வெளியே,
காத்திருப்பு அறையில், பையோடு.
நான் கதவைப் பார்த்துவிட்டேன்.
முகப் பயிற்சி அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி அச்சடித்தபடி இருந்தது:
'பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது ஏன் முக்கியம்?'
தாண்டிப் போக எனக்கு அனுமதி இல்லை. கேட்டேன்.

'முக்கியம்னு எனக்குத் தெரியும், டீச்சர்.'

அவ்வளவுதான் பதில்.
நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனாள்.
அதைப் பதினொரு பேரில் யாரும் செய்யவில்லை.
அதற்கும் தாளில் இடமில்லை.

திருவாட்டி ஜொஹரா தன் தாளைத் திருப்பிக் காட்டினார்.
'கருத்து இருக்கு. ஓட்டம் இல்லை.
ஆங்கிலச் சொல் பதினொன்று.'
எண்ணியிருந்தார். சரியாகவே எண்ணியிருந்தார்.
என் தாளில் ஒரு மதிப்பெண் அதிகம்.
'இது எதுக்கு?' என்றார்.
சண்டைக்கு வரவில்லை; எந்தப் பெட்டியில் சேரும் என்று
உண்மையாகவே தேடினார்.
உச்சரிப்பு. சரளம். கருத்து.
நானும் தேடினேன்,
விரலை ஒவ்வொரு பெட்டியிலும் வைத்து எடுத்து.
கடைசியில் நான் அரை இறங்கினேன்,
அவர் அரை ஏறினார்,
இருவரும் கையெழுத்திட்டோம்.

நவம்பரில் இந்த அரை
கணக்கோடும் அறிவியலோடும் கரைந்து
ஓர் எண்ணாக அவள் கைக்குப் போகும்.
இங்கே இப்போது சின்ன எண்தான் பெரியது.
அவள் அம்மாவுக்கு அதை யாராவது சொல்லியிருப்பார்கள்.

தண்ணீர் குடித்தேன்.
பதின்மூன்றாவது பிள்ளை வந்தான்,
வணக்கம் சொன்னான், அமர்ந்தான்.
மின்தூக்கிக்கு அருகில்
ஒரு பணப்பை கிடந்தது.
பழுப்பு நிறம் என்றான்.
இதுவரை யாரும் நிறம் சொல்லவில்லை.
குறித்துக்கொண்டேன்.