முட்டுக் கொடுத்தது

கல்லென்றால் விலை கொடுத்து வாங்கவேண்டும்,
கிழட்டு எஞ்சின் சும்மா கிடந்தது.
ஆகவே இருபத்தேழாம் வருஷம்
ஆறு கரையைத் தின்ற வளைவில்
அதை உருட்டிவிட்டார்கள்.
விசிலை மட்டும் எவனோ கழற்றிக்கொண்டான்.

நாங்கள் தோண்டி எடுத்தபோது
கொதிகலன் நிறையச் சரளை.
புகைபோக்கி இருந்த ஓட்டைக்குள்
என் முழங்கைப் பருமனில் ஒரு விலாங்கு.
ரவீனியா அதை வாளியில் தூக்கிப்போய்
மேலாற்றில் விட்டாள்,
மாவோரியில் ஏதோ முணுமுணுத்தபடி.
என்ன சொன்னாய் என்றேன்.
"வீட்டை இடிக்கிறோம், கோபிச்சுக்காதேன்னேன்."

தெற்குத் தீவின் கடைக்கோடியில்
மூடிப்போன கம்பளிக் கிடங்கு எங்கள் பட்டறை.
சனிக்கிழமை மட்டும் வேலை.
கூலி, தேநீரும் சீஸ் ரோலும்.
ஜூலைக் குளிரில் ஸ்பேனரை வெறுங்கையால் தொட்டால்
அது நம்மைத் திரும்பத் தொடும்.

முதல் நட்டு கழல ஒன்பது சனிக்கிழமை.
பால்பவுடர் ஆலையில் குழாய் பற்றவைக்கும் மர்டாக்
அதற்கு எண்ணெய் விட்டான், நெருப்புக் காட்டினான்,
கெட்ட வார்த்தையில் கொஞ்சினான்.
பல் டாக்டர் ஷோனா
தேய்ந்த கொக்கி ஊசிகளைக் கொண்டுவந்து
இன்ஜெக்டருக்குள் இறுகிய களிமண்ணைச் சுரண்டுவாள்,
"இன்னும் கொஞ்சம் திற" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே.

பின்னால் கோக்க ஒரு பெட்டி வேண்டுமே.
எல்ஸ்பெத்தின் பண்ணையில் இருந்தது,
இரண்டு தட்டு ஆட்டுப்பெட்டி, சக்கரமில்லாமல்.
நாற்பது வருஷமாய் அதில் கோழிகள்.
"எடுத்துக்கோங்க. ஆனா அதுகளுக்கு
முதல்ல ஒரு வீடு கட்டுங்க."
கட்டினோம்.
அந்த வருஷம் நாங்கள் செய்த
ஒரே நேரான மரவேலை அதுதான்.
கோழிகள் ஒருவாரம் உள்ளே போகவில்லை.

பெட்டியில் கோழி எச்சம் ஒரு சாண்.
அதற்கடியில் பச்சை, பச்சைக்கடியில் சிவப்பு,
சிவப்புக்கடியில் வெள்ளையில் நம்பர்.
கடைசி எழுத்து மூன்றா எட்டா என்று
இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை
எனக்கும் மர்டாக்குக்கும்.
(எட்டு.)

அக்டோபரில் ஆறு பெருகியது.
விடிகாலை போன் அடித்தது. எல்ஸ்பெத்.
கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
போய்ப் பார்த்தோம்:
எஞ்சினை எடுத்த பள்ளத்தில் வாய்வைத்து
ஆறு அவள் புல்வெளியில் ஒரு கடி கடித்திருந்தது.
வேலிக் கம்பங்கள் கம்பியில் தொங்கின,
கீழே நிற்க மண்ணில்லாமல்.
"உங்க எஞ்சின்" என்றாள்,
"இங்க ஒரு உத்தியோகத்துல இருந்துச்சு. தெரியுமா?"

ஓடியது முப்பத்தெட்டு வருஷம்.
நின்றது அதைப்போல் இரண்டரை மடங்கு.
நாங்கள் மீட்கிறோம் மீட்கிறோம் என்று
பெருமையாய்ச் சொல்லித் திரிந்தோம்,
வேலையிலிருந்த ஒருத்தியை
இழுத்துக்கொண்டு வந்துவிட்டு.

கொதிகலன் குழாய்க்குச் சேர்த்த பணத்தில்
கல் வாங்கினோம்.
பதினொரு சனிக்கிழமை கரையில்தான்.
எஞ்சின் தார்ப்பாய்க்குள் தனியே கிடந்தது.
ரவீனியா ஆளியும் கோரையும் நட்டாள்.
மர்டாக்கின் முதுகு பிடித்துக்கொண்டது.
எல்ஸ்பெத் முட்டை கொடுத்தனுப்பினாள்,
எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு ஒன்று குறைவாக.

ஆய்வாளர் வந்து தகட்டைத் தட்டிப் பார்த்தார்,
வெந்ததா என்று ரொட்டியைத் தட்டுகிறமாதிரி.
இந்தக் கொதிகலனில் நீராவி நடக்காது,
இன்னொன்று செய்யுங்கள் என்றார்.
இன்னொன்றின் விலையையும் சொன்னார்.
ஷோனா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அவர் கார் போனபின்
மர்டாக் கம்ப்ரஸர் குழாயைச் சிலிண்டரில் மாட்டினான்.
வெறும் காற்றுதான்.
ஒரு பெருமூச்சு, ஒரு கிறீச்,
சக்கரம் நகர்ந்தது.
இத்தனை தரம் கழுவியும் எங்கிருந்தோ
ஆற்றுக் கூழாங்கல் ஒன்று
தண்டவாளத்தில் விழுந்து துள்ளியது.
"அதையும் கரைக்குப் போடணும்" என்றாள் ரவீனியா.

பதிவேட்டில் "அரைச் சுற்று" என்று எழுதினேன்.
ஷோனா அதை அடித்துவிட்டுக்
"கால்" என்று எழுதினாள்.