நீர் அளக்க வந்தவள்

ஹைருல் மோட்டாரில் விழுந்து காலை முறித்துக்கொண்டான்.
அவன் பகுதியும் என் தலையில்.
ஆக, இந்த மாதம்
பினாங்குத் தீவு மொத்தமும் என் இரண்டு சக்கரத்தில்.

காலை ஏழரை, பாயா தெருபோங்.
மலையோடு போட்டி போட்டு
மலையையே மறைத்துவிட்ட அடுக்குமாடி.
பதினேழாம் மாடியில் தவமணி அக்கா
கம்பிக் கதவைத் திறக்காமலே கேட்டாள்:
"வந்த தண்ணிய எழுதுறே, சரி.
வராத தண்ணிய எங்கே எழுதுவே?"
குழாயைத் திருகிக் காட்டினாள்.
இருமியது. இரண்டு சொட்டு. பிறகு அதுவும் இல்லை.
பதினொன்று என்று எழுதிக்கொண்டு
மின்தூக்கிக்கு நின்றேன்.

துன் சார்டோன் சாலையில் எத்தனை வளைவு?
எண்ணத் தொடங்கிப் பன்னிரண்டில் விட்டுவிடுவேன், எப்போதும்.
அங்கேதான் காற்று திடீரென்று குளிரும்.
அங்கேதான் டுரியான் வாடை
ஹெல்மெட்டுக்குள் ஏறி
இறங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

பாலிக் பூலாவ் என்றால் தீவின் பின்புறமாம்.
யாருக்குப் பின்புறம்?
அங்கே உட்கார்ந்து பார்த்தால்
நாங்கள்தான் முதுகு.

ஆ கியாட்டின் தோட்டத்தில்
மீட்டர் போன மாத எண்ணிலேயே நின்றிருந்தது.
செத்துவிட்டதோ என்று விரலால் தட்டினேன்.
அவர் சிரித்தார்.
சாதிக்காய் மரங்களுக்கு ஊடே
பாறையிலிருந்து இறங்கி வரும்
கறுப்பு ரப்பர் குழாயைக் காட்டினார்.
பற்கள் கூசும் குளிர்.
'பயன்பாடு பூச்சியம். சரியா?' என்றது கைக்கருவி.
ஈர விரலை அது உணரவில்லை.
சட்டையில் துடைத்து மறுபடி அழுத்தினேன்.

சுங்கை பூரோங் வயல்வரப்பில்
கொக்கு ஒன்று, நான் போகும்வரை
ஒரு காலை மடக்கியே வைத்திருந்தது.
அடுத்த வீட்டில் மீட்டர் பெட்டி மூடியைத் தூக்கினால்
உள்ளே நண்டு.
கண்ணிரண்டையும் குச்சியில் உயர்த்தி
என்னைக் குறித்துக்கொண்டது.

பிறகு வடக்கே, தெலுக் பஹாங் தாண்டி,
இடப்பக்கம் கடல் விட்டுவிட்டுத் தெரியும் பாதை.
பத்து ஃபெரிங்கி. பரங்கிப் பாறை என்று
எனக்குள் நானே தமிழாக்கிக்கொள்வேன்.
ஹோட்டல் மீட்டரின் சக்கரங்கள்
கண்ணுக்குப் பிடிபடாத ஓட்டம்.
நீச்சல் குளத்துக்கும் கடலுக்கும் இடையே
நாற்பது அடி; எட்டு வைத்துப் பார்த்தேன்.

கடைசியில் தஞ்சோங் தோக்கோங்.
கருவியின் வரைபடத்தில் நான் நின்ற இடம் நீலம்.
என் பூட்ஸுக்குக் கீழே மணல்.
ஐந்தாம் நிலத்துக்கு மட்டும் சொந்த மண் இல்லை,
காடும் மலையும் காய்ந்தால் அது பிறக்கும் என்று
பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன்.
கடலும் காயும் என்று
அந்தப் பாடத்தில் இல்லை.

பிளாஸ்டிக் பிரிக்காத புது மீட்டர்கள், வரிசையாய் முப்பது.
ஆள் வராத வீடுகள்.
காவலுக்கு இருந்த நேப்பாளப் பையன்
எங்கிருந்தோ சுமந்து வந்த வாளியில்
அரிசி கழுவிக்கொண்டிருந்தான்.
'பயன்பாடு பூச்சியம். சரியா?'
முப்பது முறை கேட்டது.
முப்பது முறையும் ஆம் என்றேன்.
அவன் வாளியைப் பற்றி அது கேட்கவில்லை.

மாலையில் ஹைருல் அழைத்தான், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து.
தவறிய எண்கள், பூட்டிய கேட்டுகள்,
எதையும் விசாரிக்கவில்லை.

"சுங்கை பூரோங் பெட்டியில் அவன் இருக்கிறானா?"

இருக்கிறான் என்றேன்.

"மூடியை மெதுவாகத்தானே மூடினாய்?"