மெய்யாகவே

பங்குனிப் பாதியிலேயே வந்து போயிற்று எங்கள் ஈஸ்டர்.
மூன்றரைக்கு முதல் மணி.
நாற்பது நாள் கறி காணாத சட்டிகளுக்காக
சனிக்கிழமையே வள்ளியூர் காசிம் பாய் கடையில் டோக்கன்,
இரண்டு கிலோ தொடைக்கறி, கொஞ்சம் ஈரல்.
கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரி, கேந்திப்பூ,
தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள்
யார் வீட்டு ஆள் மேலோ மிதித்து நடக்கிறார்கள்.
ஐயர் சொன்னார்: கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்.
ஊர் சொன்னது: மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்.
நான் வாயை மட்டும் அசைத்தேன்.

இருபத்திரண்டு வருஷம் கப்பலில் சமையல்காரன்.
கடலில் எந்த ஞாயிறு ஈஸ்டர் என்பது
யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.
போலந்துக்காரன் திங்கட்கிழமை காலையில்
ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்து
இதுதான் வாழ்த்து என்பான்.
பிலிப்பைன்ஸ் பையன்கள் விடியுமுன் எழுந்து
தாயின் படம் ஒரு முனையிலிருந்து, மகன் படம் மறுமுனையிலிருந்து
தளத்தின் நடுவில் கொண்டுவந்து சந்திக்க வைப்பார்கள்;
தாயின் முகத்துக் கறுப்புத் துணியை
அப்போதுதான் விலக்குவார்கள்.
எல்லோருக்கும் முட்டை அவித்தவன் நான்.

பத்தூமி ஊர் ஆயிலர் ஜுராப் மட்டும்
எங்களுக்கெல்லாம் முடிந்து வாரக்கணக்கில் கழித்து
தன் ஈஸ்டருக்குக் காத்திருப்பான்.
பல்லாரித் தோலோடு முட்டையை வேகவைக்க
அவன்தான் காட்டிக்கொடுத்தான்.
இடையன்குடித் தேரி மண்ணின் நிறம், அச்சு அசல்.
அவன் ஊரில் அதைக் கல்லறை மேல் உருட்டுவார்களாம்.
ஒரு வாய் திராட்சை ரசம் மண்ணுக்கும் ஊற்றி
செத்தவர்களுக்கு வாழ்த்துச் சொல்வார்களாம்.
"அவங்க பதில் சொல்வாங்களா வே?"
"நீ முதல்ல சொல்லிப் பாரு."

தம்பி சுவிசேஷமுத்துவுக்கும் எனக்கும்
இரண்டடிச் சுவரில் பேச்சு நின்று பதினோரு வருஷம்.
போன ஈஸ்டரில் அப்பா கல்லறையின்
தலைமாட்டில் அவன், கால்மாட்டில் நான்.
காற்று என் திரியை அணைத்தது.
தீப்பெட்டிக்குப் பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.
எட்டி வந்து தன் திரியைச் சாய்த்துப் பிடித்தான்.
பற்றியதும்
"அண்ணே, கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றான்.
ஒரே ஒரு சொல் போதும் பதிலுக்கு,
ஓய்வுநாள் பள்ளிப் பொடியனுக்கும் தெரிந்த சொல்.
விரலில் மெழுகு சொட்டுவதையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.

கார்த்திகை மழையில் அவனைப் புதைத்தோம்.
குழியில் ஊறிய தண்ணீரை
இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய மறுநாள், ஞாயிறு,
செல்போனில் ஜுராப். தாடி நரைத்திருக்கிறது.
பின்னால் மேஜை நிறைய ஆட்கள், கூச்சல்.
"கிறிஸ்தே ஆக்ஸ்த்கா!"
"செஷ்மரிதாத்."
கப்பல் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.
மெய்யாகவே என்பதற்கு அவர்கள் சொல் அது.
போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

பல்லாரித் தோல் போட்டு இரண்டு முட்டை அவித்தேன்.
திராட்சை ரசத்துக்கு எங்கே போக,
பனையேறி தவசிக்கனியிடம் ஒரு செம்பு பதநீர்.
கோயில்பிள்ளை கேட்டைத் திறந்தபடி
"என்ன அண்ணாச்சி, ஈஸ்டர் முடிஞ்சு மாசமாச்சே" என்றார்.
"சில பேருக்கு இன்னைக்குத்தான்."

இன்னும் சிமெண்ட் பூசவில்லை, மண்மேடுதான்.
முட்டை சரியாக உருளவும் இல்லை,
இரண்டு சுற்று சுற்றி நெருஞ்சியில் மாட்டி நின்றது.
பதநீரை மண் குடித்த வேகத்தில்
சுண்ணாம்பு வாசம் எழுந்தது.
"மெய்யாகவே, சுவி" என்றேன்.
எறும்புகள் வரத் தொடங்கின.

"முட்டையை விட்டுட்டா போறீய? காக்கா தூக்கிரும்."
தூக்கட்டும்.
சட்டைப் பையில் இன்னொன்று இருக்கிறது, சூடு ஆறாமல்.
தம்பி பொண்டாட்டி ஜெபக்கனி இந்நேரம் வீட்டில்தான் இருப்பாள்.
சுவர் ஏறிக் குதிக்கிற வயசில்லை எனக்கு,
தெருவைச் சுற்றித்தான் போகணும்.