ஏழு அமுங்குகிறது

லாங் பஜாரில் விலை
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.
ஏழு சதவீதம் தள்ளுபடி என்றார் கடைக்காரர்.
கணக்குப் போட்டது
மேசையோடு நூல் கட்டி வைத்த தன் குண்டுக் கால்குலேட்டரில்.
‘ஆயிரத்து இருநூத்திப் பத்து குடும்மா, ரவுண்டா.’

ராணிப்பேட்டை பஸ்ஸில் ஜன்னலோரம்.
முதல் கணக்கே அவர் மேல்தான்:
1204.35.
ஐந்து ரூபாய் அறுபத்தைந்து காசு தூரம்
உருண்டிருக்கிறது அந்த ரவுண்டு.

‘பசங்களுக்கா?’ என்றாள் பக்கத்து சீட்டுக்காரி.
‘எனக்கு.’
அதற்கு மேல் அவள் பேசவில்லை.

மூடியை உருவினால்
முதுகுப்பக்கம் போய் மாட்டிக்கொள்கிறது.
சூரியத் தகட்டைக் கட்டைவிரலால் மறைத்தேன்.
எண்கள் மங்கவில்லை.
உள்ளே ஒரு பேட்டரியும் வைத்திருக்கிறது,
பஸ் சார்ஜைத் தனியாக முடிந்து வைத்திருப்பவள் போல.

சைன் முப்பது கேட்டேன்.
மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது எட்டு எட்டு என்றது.
திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று
மேல்விஷாரம் வரை யோசித்தேன்.
அது ரேடியனில் உட்கார்ந்திருந்தது.
டிகிரிக்கு மாற்றினால்
ஒன்று, அடியில் கோடு, அதன் அடியில் இரண்டு.
வாத்தியார் கையெழுத்து மாதிரி அரை.

இரண்டின் வர்க்கமூலம் கேட்டால்
√2 என்கிறது.
கேள்வியையே பதிலாக நீட்டுகிற ஆட்கள்
எங்கள் ஆபீஸிலும் உண்டு.
இதையாவது ஒரு பொத்தானை அழுத்திப் பேச வைக்கலாம்.

அறுபத்தொன்பது ஃபேக்டோரியல் தாங்குகிறது.
எழுபதில் கையை விரிக்கிறது.
அந்த விஷயத்தில் பழையதும் இதுவும் ஒரே ஜாதி.

ஆற்காடு தாண்டி பாலாற்றுப் பாலம்.
கீழே சீமைக் கருவேலம்.
செல்போன் நாற்பத்து மூன்று என்றது.
செல்சியஸில் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் வியர்க்காது.
ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, முப்பத்திரண்டைக் கூட்டி
நூற்றொன்பது புள்ளி நான்கு.
இப்போது வியர்க்கிறது.

பழையதில் ஏழு செத்துப் பதினாலு மாதம்.
முப்பத்தேழு என்றால் முப்பத்தெட்டில் ஒன்று குறை.
ஏழு புள்ளி ஏழு வந்தால்
எட்டு புள்ளி எட்டிலிருந்து ஒன்று புள்ளி ஒன்று.
இப்படியேதான் தோல் ஷெட்டின் அத்தனை கழிவுநீரையும்
அளந்து அனுப்பினேன்.
இதில் ஏழு அமுங்குகிறது, மெத்தென்று.
விரல்தான் இன்னும்
எட்டின் மேல் போய் நின்று திரும்புகிறது.

லேபில் முதல் வேலை, மாதிரி பதினொன்று.
குரோமியம் 2.04.
இரண்டு முறை போட்டேன்.
மூன்றாம் முறை ஏழைத் தொட்டுப் பார்க்கும் ஆசையில்
வேண்டாத இடத்தில் ஏழு போட்டு அழித்துவிட்டுப் போட்டேன்.
2.04.

தணிகைமலை சார் தோளுக்குப் பின்னால்.
‘புதுசா? நல்லாக்கீதே.
புள்ளிக்கு அப்பால ஒண்ணே ஒண்ணு காட்ற மாதிரி
வெக்க முடியாதா இதுல?’

முடியும். ஃபிக்ஸ், ஒன்று.
2.0.
வரம்பு இரண்டு.
‘கரெக்டான மிஷினு’ என்று டீ குடிக்கப் போனார்.

அவர் போனதும் இரண்டைக் கழித்தேன்.
0.0 என்றது.
அந்த ஒன்றுமில்லாததை நூறால் பெருக்கினேன்.
4.0.

மூடவில்லை அது. முகத்தில் காட்டவில்லை, அவ்வளவே.

பதிவேட்டில்
இரண்டு, புள்ளி, பூஜ்யம் வரை எழுதிவிட்டேன்.
கட்டத்தில் இன்னும் ஓர் இலக்கத்துக்கு இடம் இருக்கிறது.
டீக்கடை தூரமில்லை.
பேனா திறந்திருக்கிறது.