கணக்கில் இல்லாத சுவிட்ச்

பகலில் லைட் பார்க்க வரமாட்டேன் என்று
போனிலேயே சொல்லியிருந்தேன்.
வெயிலில் எல்லா பல்பும் யோக்கியன்.

ஆகவே ஆறே முக்கால், வெள்ளவத்தை,
கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசி வீடு.
இம்தியாஸ் எனக்கு முதலே வந்து
சிவப்பு ரோட்ஸ்டரைச் சுற்றிச் சுற்றி நடக்கிறான்.
விலை பேசத் தெரியாதவனின் நடை அது.

"பாஸ் வரேல்லையோ?" என்று கேட்டார்
வீட்டுக்காரர் இராசநாயகம்.
"நான்தான் பாஸ்" என்று
தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு
பொனட்டைத் திறந்தேன்.

தொண்ணூற்றொன்று மொடல். தூங்கும் லைட்டுகள்.
பொத்தானை அமத்தினால்
வலது கண் சட்டென்று எழும்பும்.
இடது, பாதி வந்து, நின்று,
ஏதோ ஞாபகம் வந்ததுபோல்
மிச்சத்துக்கும் எழும்பும்.
"அது அப்பிடித்தான்" என்றார்.
எந்தக் காரிலும் எதுவும் அப்பிடித்தான் இல்லை.
மோட்டர் கிரீஸ் காய்ந்துவிட்டது, எழுதினேன்.

எதிர் மதிலில் ஒரு வெளிச்சம் விழுந்தது.
மற்றது மதிலுக்கு மேலால் போய்
அடுத்த வீட்டு மாடியில் காயும் சாரத்தைப் பார்த்தது.

கடல் காற்று வயரைத் தின்னும் விதம் வேறு.
கறுப்பு உறை பத்திரமாய் இருக்கும்.
நகத்தால் கீறினால்
உள்ளே செம்பு பச்சைத் தூளாய் உதிரும்.
எர்த் வயரைக் கீறிக் காட்டினேன்.
இம்தியாஸின் முகம் வாடியது.
இராசநாயகம் முகம் திருப்பிக் கடலைப் பார்த்தார்,
கடல்தான் ஈடு கட்டவேண்டும் என்பதுபோல.

இடது சிக்னல் அவசரமாய்த் துடித்தது.
ஒரு பல்ப் செத்தால் மற்றது
இரண்டு பேருக்குமாய் அடித்துக்கொள்ளும்.

ஹோர்ன் அடித்தபோது அளுத்கம ரயில் போனது.
கேட்டதா என்று மூவருக்கும் தெரியவில்லை.
திரும்ப அடித்தேன்.

லைட்டர் குழிக்குள் ஒரு ஐந்து ரூபாய்க் குத்தி.
பியூஸ் எரிந்த காரணம் அதுதான்.
அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டார்.

பிறகு, ஸ்டியரிங்குக்குக் கீழே,
முழங்கால் உரசும் இடத்தில்
இன்னொரு சுவிட்ச்.
கம்பனி வைத்ததில்லை.
சோல்டர் அசிங்கம், டேப் மூன்று சுற்று,
வயர் ஏதோ பழைய மேசை விளக்கில் இருந்து அறுத்தது.
"மகன்ட வேலையாயிருக்கும். மதுரன்.
இப்ப மெல்பேர்னில."

இம்தியாஸைப் பின்னால் நிறுத்தி
பிரேக்கை மிதித்தேன்.
"சிவப்பு."
சுவிட்சை அமத்தி மிதித்தேன்.
"இல்லை."
"சிவப்பு."
"இல்லை."
கதவைத் திறந்தேன். உள் லைட்டும் எரியவில்லை.

இராசநாயகம் காரின் பின்பக்கம் பார்த்தார்.
அதற்கு நேரே, ஆறடியில், ஒரு யன்னல்.
"அது என்ட அறை" என்றார்.
"பின்பக்கமாத்தான் உள்ள விடுவான்.
ரெண்டு தரம் காசு குடுத்து
பிரேக் பல்ப் மாத்தினனான்,
பிழையெண்டு நினைச்சு."

ஒரு மோட்டர்சைக்கிள் கடந்து போனது.

"லைட் வராது. ஆனா கேற் கொளுக்கி சத்தம் போடும்.
ஒரு மணி, ரெண்டு மணி.
நான் கண்ணை மூடிக்கொள்ளுவன்."

இம்தியாஸ் உடனே எழுபத்தையாயிரம் குறைத்தான்.
பிரேக்கில் கைவைத்த கார் என்றான்.
நான் நினைத்ததைவிட நன்றாய்ப் பேசுகிறான்.
அவர் சரி என்றார், சரியாகக் கேட்காமலே.

சுவிட்சை வெட்டி எடுத்து
வயரை நேராய் முறுக்கினேன்.
"ஒருக்காப் பாக்கலாமோ?" என்று
அவர் வீட்டுக்குள் போனார்.
அறை லைட் அணைந்தது.

மிதித்தேன்.
யன்னல் சீலை முழுக்கச் சிவந்தது.
உள்ளே இருந்து ஒரு சொல்லும் இல்லை.
காலை எடுக்கட்டுமா என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

"பற்றரி இறங்கப்போகுது" என்றான் இம்தியாஸ்.
பன்னிரண்டு தசம் நாலு.
இறங்கட்டும்.