வந்ததா?

மூன்று வருடத்தில் ஃபரோல் விழுங்கியவை:
கம்பளி வெட்ட வந்தவர்கள் விட்டுப்போன ஒற்றைக் காலுறை,
வேலிக்கம்பியில் காய்ந்து கிடந்த முயலில் பாதி,
கொழுப்பு துடைத்த வாணலித் துணி,
ஈஸ்டர் கேக்கின் அடிக்காகிதம்.

ஒவ்வொரு முறையும்
கொய்ரோன் புல்லை மென்றுவிட்டு வந்து
சரியாக என் செருப்பின் மேல் கக்குவான்.
அப்புறம் வாலை ஆட்டுவான்.
ஒருநாள் பட்டினி, மறுநாள் உப்பில்லாத சோறு,
அதற்கடுத்த நாள் மறுபடி முயல் தேடுவான்.

ஒரே ஒரு தடவை ரத்தம் கலந்து போனது.
குடித்த தண்ணீரும் தங்கவில்லை.
பிடரித் தோலைக் கிள்ளி விட்டால்
கூடாரம் போல அப்படியே நின்றது.
அன்று கிளம்பினோம், குளுக்கோஸ் ஏற்றினார்கள், திரும்பினோம்.
எப்போது பொறுப்பது, எப்போது ஓடுவது,
கணக்கு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

ஆகஸ்ட். படகோனியாவில் அது குளிர்காலத்தின் நடு.
தட்டு நிறைய தின்றுவிட்டு
காற்றைத் துரத்தி ஓடிவிட்டு வந்தான்.
பத்து மணிக்கு மேசையைச் சுற்ற ஆரம்பித்தான்.
படுத்தான். எழுந்தான்.
தன் விலாவைத் தானே திரும்பிப் பார்த்தான்,
அங்கிருந்து யாரோ கூப்பிட்டது போல.
வாயைத் திறந்தான், உடம்பு முழுக்க மடிந்தது,
கயிறு கயிறாய் எச்சில்.
வேறொன்றும் இல்லை.

"புல் தின்றால் சரியாகிவிடும்" என்றார் எலீசியோ.

சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்,
அதுவும் லாரியின் பானட் மேல் ஏறி நின்றால்.
ஏறினேன்.
டாக்டர் எத்தெல்வினாவின் குரலில் தூக்கம் கலையவில்லை.
"வாந்தி எடுக்கிறானா, எடுக்கப் பார்க்கிறானா?"
எடுக்கப் பார்க்கிறான்.
"வந்ததா?"
வரவில்லை.
தூக்கம் கலைந்தது.
"வண்டியை எடு."

வயிற்றைத் தட்டச் சொன்னார். தட்டினேன்.
காலி பீப்பாய் மாதிரி கேட்டது.
ஈறைப் பார்க்கச் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில்
உறைந்த ஆட்டுக்கொழுப்பின் நிறம்.
அறுவை என்றால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார் எலீசியோ.
பதினோரு குட்டிகளின் விலை.
காற்றில் அவர் காதில் இருபது என்று விழுந்ததாம்.
பிறகுதான் சொன்னார்.
அப்போது சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

நூற்றிருபது கிலோமீட்டர், எல்லாம் சரளைக்கல்.
குவானகோக்கள் வெளிச்சத்தில் வந்து நின்று யோசித்தன.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் மடியில் ஒரு முனகல்.
வழியில் மூன்று கேட்டுகள்.
முதலாவதை இறங்கித் திறந்தேன், மூடினேன்.
இரண்டாவதைத் திறந்தேன், மூடினேன்.
மூன்றாவதை மூடவில்லை.
இந்த ஊரில் பிறந்து ஐம்பத்திரண்டு வருடம்.
இதற்குமுன் நான் அப்படிச் செய்ததில்லை.

குழாய் இறங்கியதும் காற்று சீறி வெளியேறியது,
அறை முழுக்க அழுகிய நாற்றம்.
சாக்கின் கழுத்தைத் திருகியது போல
இரைப்பை ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததாம்.
அவிழ்த்து, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து,
இனி சுற்றாதபடி வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்தார்.
கையுறையைக் கழற்றும்போது கடிகாரத்தைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

நாற்பது ஆடுகள் கின்டீனின் நிலத்தில் மேய்ந்தன.
சண்டை பிடிக்க வந்தார்.
ஃபரோலின் வயிற்றில் தையலைப் பார்த்தார்,
மாத்தே ஒரு கோப்பை குடித்தார்,
ஆடுகளை அவரே ஓட்டிவந்து விட்டார்.

இப்போது தட்டு சின்னது, ஒரு நாளைக்கு மூன்று வேளை.
தின்ற பிறகு ஓட்டம் இல்லை,
கதவைச் சாத்திவிடுகிறோம். கதவைப் பார்த்துத் திட்டுகிறான்.

இருபத்து மூன்றாம் நாள், விடியவில்லை,
சமையலறையில் அந்தச் சத்தம்.
வெறுங்காலோடு ஓடினோம், இரண்டு பேரும், இருட்டில்.
எலீசியோ கையில் லாரிச் சாவி.

என் செருப்பின் மேல்
மஞ்சள் நுரை, நாலு புல்,
ஒரு காலுறையின் பாதி.

"வந்தது" என்றேன்.
"வந்ததா?"
"வந்தது, வந்தது."
எலீசியோ அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார்.
ஃபரோல் வாலை ஆட்டினான்.

மறுபாதி எங்கே என்று
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.